கத்தரி எடுக்கும் முன்: பழைய பாணித் தையல், கேள்வி பதில்

பழைய பாணி உடைகளைத் தைப்பது, கைவேலைப் பொருள்களை விற்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, மதுரையில் பல ஆண்டுகளாகத் தையல் வகுப்பு நடத்திவரும் ஆசிரியை இந்த இதழில் பதில் சொல்கிறார்.

டீச்சர், 1950களில் எடுத்த திருமணப் படத்தில் என் பாட்டி பஃப் கை வைத்த ஜாக்கெட் போட்டிருக்கிறார். அதேபோல வேண்டும் என்று இரண்டு கடைகளில் கொடுத்துத் தைத்தேன். இரண்டிலும் கை தொங்கிவிட்டது. படத்தில் இருப்பதைப்போல நிமிர்ந்து நிற்க என்ன செய்ய வேண்டும்?
— வாசகி, பெரியகுளம்

இரண்டு கடைக்காரர்களும் சாதாரணக் கையையே அகலமாக வெட்டிச் சுருக்கி வைத்திருப்பார்கள். அகலம் மட்டும் கூடினால் கை பக்கவாட்டில் பரவும், பிறகு சோர்ந்து தொங்கும். எழுந்து நிற்க வேண்டுமானால் கையின் மேல்வளைவில் உயரம் வேண்டும். உங்களுக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு ஜாக்கெட்டின் கையைப் பிரவுன் பேப்பரில் வரைந்துகொள்ளுங்கள். நடுவிலும், நடுவுக்கு இரு பக்கத்திலும் மேலிருந்து கீழாக நறுக்கி, துண்டுகளை விரித்து வைத்து மொத்தம் மூன்றரை அங்குல அகலம் கூட்டுங்கள். மேல்வளைவின் உச்சியை ஒன்றரை அங்குலம் உயர்த்தி வரையுங்கள். கீழ் விளிம்பின் நடுவையும் முக்கால் அங்குலம் இறக்குங்கள். பட்டி வைத்த பிறகு துணி கொஞ்சம் உப்பிக் கவிழ்வதற்கு அந்த முக்கால் அங்குலம்தான் வழி.

அடுத்தது ஷோல்டர். பெரும்பாலோர் கோட்டை விடும் இடம் இது. பஃப் கைக்கு ஷோல்டரை இரு பக்கமும் அரை அங்குலம் குறைத்து வெட்ட வேண்டும். அப்போதுதான் சுருக்கு தோள் எலும்பின் மேல் உட்காரும். குறைக்காமல் வைத்தால் அது தோளைத் தாண்டி இறங்கி, புஜம் பருத்ததுபோலக் காட்டும்.

சுருக்கு வைக்கும்போது அக்குளிலிருந்து மூன்று விரற்கடை தூரம் இரு பக்கமும் சுருக்கே இருக்கக் கூடாது. அந்த இடங்களில் சிறு வெட்டுக்குறி போட்டுக்கொண்டு, குறிக்கு மேலே மட்டும் பெரிய தையலாக இரண்டு வரிசை ஓட்டுங்கள். இரண்டு வரிசையின் பாபின் நூலையும், அதாவது அடிநூலையும், சேர்த்து இழுத்தால் சுருக்கு சீராக விழும். ஒரே வரிசை ஓட்டி இழுத்தால் ஓரிடத்தில் குவியும், இன்னோர் இடத்தில் மொட்டையாக இருக்கும்.

துணி விஷயமும் உண்டு. இன்று ஜாக்கெட்டுக்கு வாங்கும் டூ பை டூ ரூபியா மிருதுவானது. நிமிர்ந்து நிற்கும் கைக்குக் கேம்பிரிக் என்ற நெருக்கமான நெசவுப் பருத்தியோ சற்று மொடமொடப்பான கைத்தறியோ நல்லது. பாட்டி காலத்தில் பாதி வேலையைக் கஞ்சி செய்தது. நீங்கள் கஞ்சி போடப்போவதில்லை என்றால், மேல்வளைவின் உட்புறத்தில் கையகல ஆர்கண்டி (மெல்லிய, மொடமொடப்பான பருத்தி) துண்டு ஒன்றைச் சுருக்கிச் சேர்த்துத் தைத்துவிடுங்கள். வெளியே தெரியாது, கையும் சாயாது. உங்களுக்கு வழக்கமாக 80 சென்டிமீட்டர் துணி போதுமென்றால் இதற்கு ஒரு மீட்டர் வாங்குங்கள்.

முதல் ஜாக்கெட்டை நல்ல துணியில் வெட்ட வேண்டாம். காடாத் துணியில் ஒரு கையையும் ஒரு பக்க உடம்பையும் மட்டும் தைத்துப் போட்டுப் பாருங்கள். கண்ணாடி முன்னால் கையை உயர்த்துங்கள். உடம்பும் சேர்ந்து ஏறினால் ஆர்ம்ஹோல், அதாவது கை இணையும் வளைவு, ஆழமாக இருக்கிறது என்று அர்த்தம்.

பரணில் தாத்தாவின் கைச்சக்கர சிங்கர் மெஷின் கிடந்தது. கறுப்பு உடம்பு, தங்கநிறப் பூவேலை. சக்கரம் அசையவில்லை. பழைய இரும்புக்காரர் விலை கேட்கிறார். கொடுத்துவிடலாமா? மோட்டார் பொருத்தி ஓட்ட முடியுமா?
— வாசகர், காரைக்குடி

இரும்புக்காரரை முதலில் அனுப்பிவையுங்கள். அசையாத மெஷின் எல்லாம் பழுதான மெஷின் இல்லை. பெரும்பாலும் உள்ளே பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும். யாராவது தேங்காய் எண்ணெய் ஊற்றியிருந்தால் கேட்கவே வேண்டாம். சக்கரத்தை முரட்டுத்தனமாகத் திருப்பாதீர்கள். எண்ணெய்த் துளைகள் எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய் சில சொட்டு விட்டு ஓர் இரவு வைத்திருங்கள். காலையில் சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். இளகியதும் கசடைத் துடைத்துவிட்டு மெஷின் எண்ணெய் போடுங்கள். துணியைத் தள்ளும் பல்லைச் சுற்றியுள்ள தகட்டைக் கழற்றினால், கம்பளம் மாதிரி நூல்தூசி அடைந்திருக்கும். அதையும் ஊசி முனையால் கெல்லி எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: தங்கநிறப் பூவேலையின் மேல் மண்ணெண்ணெயோ ஸ்பிரிட்டோ படக் கூடாது. அது ஒட்டி வார்னிஷ் பூசிய படம், தேய்த்தால் போய்விடும். மெஷின் எண்ணெய் தொட்ட மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும். சில மெஷின்களில் எகிப்திய ஸ்பிங்க்ஸ் உருவம்கூட இருக்கும். உங்களுடையதில் இருந்தால் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

அடித்தட்டில் பொறித்திருக்கும் எண்ணை வைத்து எந்த ஆண்டு, எந்தத் தொழிற்சாலையில் செய்தது என்று கண்டுபிடிக்கலாம். எண் வாரியான பட்டியல்கள் இணையத்தில் இருக்கின்றன. நம் ஊருக்கு வந்த பழைய சிங்கர்களில் பல ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் இருந்த தொழிற்சாலையில் செய்தவை. அந்தத் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது, மெஷின்கள் இன்னும் ஓடுகின்றன. 15, 28, 66 ஆகிய வகைகளுக்குக் கடையில் கிடைக்கும் சாதாரண வீட்டு மெஷின் ஊசியே, அதாவது காம்பின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும் 15×1 ஊசியே, பொருந்தும். கம்பெனித் தையலுக்கான உருண்டைக் காம்பு ஊசியைத் திணிக்காதீர்கள். மல், வாயில் (voile) போன்ற மெல்லிய துணிக்கு 11ஆம் எண், பாப்ளினுக்கு 14, ஜீன்ஸுக்கு 16 அல்லது 18.

மோட்டார் வேண்டாம். கைச்சக்கரத்தின் சுகமே ஒவ்வொரு தையலாக நிறுத்தி நிறுத்திப் போக முடிவதுதான். காலர் முனை, பஃப் கைச் சுருக்கு, குழந்தைச் சட்டையின் கழுத்து ஆகியவற்றுக்கு இதைப்போல வசதி வேறில்லை.

காந்திக்கும் இந்த மெஷின் மேல் ஒரு பிரியம் இருந்தது. 1924இல் சாந்திநிகேதன் மாணவர் ஒருவர், எல்லா இயந்திரங்களுக்கும் நீங்கள் எதிரியா என்று கேட்டபோது, சிங்கர் தையல் மெஷினுக்கு விலக்கு உண்டு என்று அவர் சொன்னார். மனைவி குனிந்து குனிந்து தைப்பதைக் கண்டு இரங்கி ஐசக் சிங்கர் இந்த மெஷினைச் செய்தார் என்பது காந்தி சொன்ன காரணம். பல பெண்களோடு குடும்பம் நடத்திய சிங்கரின் வரலாற்றைப் படித்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். கேள்வி கேட்ட மாணவர் ஜி. ராமச்சந்திரன். பிற்பாடு 1947இல் சௌந்தரம் அம்மையாருடன் சேர்ந்து சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கியவர்.

குழந்தைகளுக்கு ஸ்மாக்கிங் (துணியைச் சுருக்கி, மடிப்புகளின் மேல் பூத்தையல் போடுவது) வைத்த பழைய பாணி கவுன் தைக்கிறேன். எல்லாம் கைவேலை. அக்கம்பக்கத்தில் 350 ரூபாய்க்கு மேல் கொடுக்க மறுக்கிறார்கள். "கடையில் இதைவிடக் குறைவு" என்கிறார்கள். எப்படி விலை வைப்பது?
— வாசகி, கோவில்பட்டி

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்மாக்கிங்குக்கு மார்புச் சுற்றளவைப்போல மூன்று மடங்கு அகலம் துணி போகும். ஆகவே சின்னக் கவுனுக்கே ஒன்றரை மீட்டர் கேம்பிரிக் பிடிக்கும். மீட்டர் 180 ரூபாய் என்று வைத்தால் 270. லைனிங், நூல், பட்டன் 90. கைவேலை எவ்வளவு நேரம் என்று உங்களுக்கே தெரியாது, ஏனென்றால் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே செய்திருப்பீர்கள். அடுத்த கவுனுக்குக் கடிகாரம் பார்த்து எழுதுங்கள். புள்ளி வைத்துச் சுருக்கி, தேன்கூடு வரிசைகள் போட்டு, கவுனாகச் சேர்க்க ஆறு மணி நேரம் என்று கொள்வோம். மணிக்கு 80 ரூபாய் வைத்தால் 480. ஊசி, மின்சாரம், பை 40. ஆக அடக்கவிலை 880. இதற்கு மேல் 20 சதவீதம் வைத்தால் 1,056. ஆகவே ஆயிரத்து ஐம்பது ரூபாய் என்று விலை வையுங்கள். 880 ரூபாய்க்குக் குறைந்து விற்கும் ஒவ்வொரு கவுனிலும் உங்கள் கையிலிருந்து பணம் போகிறது.

மணிக்கு 80 என்றால் எட்டு மணி நேர நாளுக்கு 640. உங்கள் ஊரில் சித்தாளுக்குக் கொடுக்கும் நாள்கூலியைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அந்த 80 அதிகமா குறைவா என்று நீங்களே சொல்வீர்கள்.

கடையில் குறைவாகக் கிடைக்கும் என்பவரிடம் வாதாட வேண்டாம். அவர் சொல்வது உண்மைதான், கடையில் குறைவாகவே கிடைக்கும். அங்கே இருப்பது எலாஸ்டிக் நூல் ஓட்டி மெஷினில் சுருக்கியது. அதையும் நீங்களே தைக்கலாம்: பாபினில் எலாஸ்டிக் நூலைக் கையால் சுற்றி, மேலே சாதாரண நூல் கோத்து, வரிசை வரிசையாக ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் மார்புப் பகுதி முடிந்துவிடும். 400 ரூபாய்க்கு அதை வையுங்கள். கைவேலைக் கவுனை அதன் பக்கத்திலேயே மாட்டி, 1,050 என்று சீட்டு எழுதி ஒட்டுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த பிறகும் வாங்குபவர்கள் வாங்குவார்கள். அவர்கள்தான் உங்கள் வாடிக்கையாளர்கள். மற்றவர்களுக்கு 400 ரூபாய்க் கவுன் இருக்கிறது, அவர்களும் வெறுங்கையோடு போக வேண்டாம்.

உறவுக்காரர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அவர்களுக்கு ஒன்று இனாமாகக் கொடுங்கள், அல்லது முழு விலைக்குக் கொடுங்கள். பாதி விலை என்று ஆரம்பித்தால் அடுத்த முறை அந்தப் பாதியில் பாதி கேட்பார்கள்.

குழந்தை உடையில் மணி, பாசி வேண்டாம், வாயில் போட்டுக்கொள்ளும். பட்டனை இழுத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

என் அப்பா எழுபது வயதைக் கடந்த தையற்காரர். பழைய வெட்டு முறைகள் எல்லாம் அவர் கையில் இருக்கின்றன. நான் படம் எடுத்து இணையத்தில் விற்கலாம் என்றால், "இந்தக் காலத்தில் யார் கேட்கப்போகிறார்கள்" என்கிறார். உங்கள் யோசனை?
— வாசகர், திருமங்கலம்

தம்பி, மற்ற வாசகர்கள் தேடி அலைவது உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. முதலில் அவரிடம் விற்பனையைப் பற்றிப் பேசாதீர்கள். அவர் வெட்டும்போது பக்கத்தில் நின்று படம் பிடியுங்கள். இன்றைய கடைத் தையலில் ஓவர்லாக் மெஷினில் நூல் சுற்றி விளிம்பை முடித்துவிடுகிறார்கள். அந்த மெஷின் கடைக்கு வருவதற்கு முன் பழகியவர்களுக்கு உள்விளிம்பை மடித்து மறைக்கத் தெரியும்: துணியின் நல்ல பக்கங்கள் வெளியே இருக்கும்படி வைத்து ஒரு மெல்லிய தையல், பிறகு திருப்பி அதையே உள்ளே அடக்கி இன்னொரு தையல். பிரெஞ்சு சீம் என்பார்கள். உடையை உட்புறம் வெளியே திருப்பிப் போட்டாலும் பிசிறு தெரியாது. உங்கள் விற்பனைப் படத்தில் முதலில் வர வேண்டியது அந்த உட்புறம்தான்.

பழைய பாணி என்றதும் பலர் லேஸையும் முத்தையும் ஒட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒட்டியதைப் பிரித்துவிட்டால் மிச்சம் இருப்பது இந்த ஆண்டுச் சட்டை. உங்கள் அப்பாவின் சட்டையில் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டாலும் வெட்டு மிஞ்சும். அதற்குத்தான் விலை.

மதுரையில் புது மண்டபத்துத் தையற்காரர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். திருமலை நாயக்கர் காலத்துக் கல்தூண்களுக்கு இடையே மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளிநாட்டுப் பயணிகள் தாங்கள் போட்டிருக்கும் சட்டையைக் கழற்றிக் கொடுத்து, இதேபோல ஒன்று என்பார்கள். கோயிலைச் சுற்றிவிட்டு வருவதற்குள் அச்சாக இன்னொன்று தயாராக இருக்கும். இப்போது கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. ஒரு சட்டையைப் பிரிக்காமல் அளவெடுத்து மறுபிரதி செய்யும் அந்தத் திறமையைத்தான் நீங்கள் விற்கப்போகிறீர்கள். அப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்.

வெளியூர் வாடிக்கையாளரிடம் உடம்பு அளவு கேட்காதீர்கள். டேப்பை ஆளுக்கு ஒரு விதமாகப் பிடிப்பார்கள். பொருந்தும் ஜாக்கெட் ஒன்றைத் தரையில் சமமாக விரித்து, டேப்பை மேலே வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பக்கத் தையலில் ஓர் அங்குலம் துணி உள்ளே விட்டுத் தையுங்கள், பிரித்துக்கொள்ளலாம். பாதிப் பணம் முன்னால், மீதி அனுப்பும்போது. அளவுக்குத் தைத்தது திரும்ப வராது, திருத்தித் தரப்படும் என்பதை முதலிலேயே எழுதிவிடுங்கள்.

பழைய மாடல் பேப்பர் பேட்டர்ன்கள் நம் ஊரில் எங்கே கிடைக்கும்? துணி, பட்டன் வாங்க நல்ல இடங்களையும் சொல்லுங்கள்.
— கல்லூரி மாணவி, திண்டுக்கல்

அமெரிக்காவில் 1863இல் எபனேசர் பட்டரிக் என்பவர் அளவு வாரியாகக் காகித பேட்டர்ன் விற்க ஆரம்பித்தார். அங்கே வீட்டுக்கு வீடு அது பரவியது. நம் ஊரில் நாம் "அளவு ஜாக்கெட்" கொடுத்துப் பழகியவர்கள். ஆகவே நம் பழைய உடைகளுக்கு உறையில் போட்ட பேட்டர்ன் தேடினால் கிடைக்காது. வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய ஜாக்கெட்டே பேட்டர்ன். அதைப் பிரிக்க வேண்டாம். தெர்மாகோல் அட்டையின் மேல் பிரவுன் பேப்பர், அதன் மேல் ஜாக்கெட்டின் ஒரு பகுதியை மட்டும் சுருக்கமில்லாமல் விரித்து, தையல் கோட்டின் மேலேயே குண்டூசியைச் செங்குத்தாகக் குத்திக்கொண்டே போங்கள். ஜாக்கெட்டை எடுத்துவிட்டுக் குத்துப் புள்ளிகளைச் சேர்த்தால் வடிவம் கிடைக்கும். அரை அங்குலம் தையல் விட்டு வெட்டுங்கள். டாட் (பொருத்தத்துக்காகப் பிடித்துத் தைத்த மடிப்பு) இருக்கும் இடத்தில் பேப்பர் சமமாக உட்காராது. அங்கே டாட்டின் இரு பக்கத்தையும் தனித்தனியாகக் குத்தி, நடுவில் அதன் அகலத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

மேல்நாட்டு பாணி வேண்டுமென்றால், காப்புரிமைக் காலம் முடிந்த பழைய தையல் நூல்களை இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகம் பழைய பேட்டர்ன்களுக்கென்றே ஓர் ஆவணக் காப்பகம் வைத்திருக்கிறது. நம்முடைய பழைய பாணிக்குச் சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். அங்கே பழைய பத்திரிகைகளின் அட்டைப்படங்களையும் விளம்பரங்களையும் பார்த்தால் கழுத்து எவ்வளவு ஏறியிருந்தது, கை எங்கே நின்றது என்பது புரியும். ஒரு காசும் செலவில்லாதது, சொந்தக்காரர் வீடுகளில் உள்ள ஸ்டூடியோ படங்கள். பூதக்கண்ணாடி ஒன்று எடுத்துப் போங்கள்.

துணிக்கு: மொத்தமாக என்றால் ஈரோடு ஜவுளிச் சந்தை, திங்கள் இரவு தொடங்கி செவ்வாய்க்கிழமை. சென்னையில் பாரிமுனைப் பக்கம் கோடவுன் தெரு. மதுரையில் விளக்குத்தூண் சுற்றுவட்டாரம். கைத்தறிச் சேலைக்குப் பேர்போன சின்னாளபட்டி உங்களுக்குக் கூப்பிடு தூரம். எங்கே வாங்கினாலும் பருத்தியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள். பட்டனுக்குப் பழைய தையற்கடைகளின் டப்பாக்களைக் கேட்டுப் பாருங்கள். கடையை மூடப்போகிறவர்கள் டப்பாவோடு கொடுத்துவிடுவார்கள்.

மதுரையின் புள்ளிச் சாயத்துணியான சுங்குடி என்று கேட்டு வாங்கும்போது உற்றுப் பாருங்கள். கையால் கட்டிச் சாயமிட்டதில் ஒவ்வொரு புள்ளியின் ஓரமும் லேசாகக் கசிந்திருக்கும், இரண்டு புள்ளிகள் ஒரே மாதிரி இருக்காது. கட்டை அவிழ்த்த இடத்தில் துணி மெல்லச் சுருங்கி மேடு தட்டும். அச்சடித்ததில் எல்லாம் ஒரே வட்டம், விரல் வைத்தால் சமதளம். மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அச்சுப்புள்ளித் துணியில் தைத்துவிட்டுச் சுங்குடி என்று விற்கக் கூடாது. 2013இல் குறியீடு பெற்ற, நீலகிரித் தோடர் பழங்குடியினரின் பூத்தையலுக்கும் இதுவே. அந்தச் சிவப்பையும் கறுப்பையும் பார்த்து நீங்கள் தைக்கப் பழகலாம், தோடர் வேலை என்று சீட்டு ஒட்டக் கூடாது.

நாகர்கோவிலில் என் பெரியம்மா வீட்டிலிருந்து ஒரு வெள்ளை லேஸ் காலர் கிடைத்தது. குரோஷா இல்லை என்று தெரிகிறது. அதை ஒரு கவுனில் வைத்துத் தைக்கலாமா? எப்படித் துவைப்பது?
— வாசகி, தக்கலை

உங்கள் ஊர்க்காரர்கள் பெருமைப்பட வேண்டிய பொருள். குரோஷா என்றால் ஒரே நூல், ஒரே கொக்கி ஊசி, வளையத்துக்குள் வளையம். உங்களுடையது திண்டின் மேல் வரைபடம் குத்தி, பல மரக்குச்சிகளில் சுற்றிய நூல்களை ஒன்றோடொன்று மாற்றி மாற்றிப் பின்னியதாக இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் பாய் முடைந்ததுபோல நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போவது தெரியும். 1820களில் நாகர்கோவிலில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா, தன் பள்ளிப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த தொழில் இது. அவர்களுடைய மகள் எலிசாதான் பிற்பாடு கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனார். அங்கும் லேஸ் பின்ன வைத்தார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தைப் பற்றி நாம் மேடை மேடையாகப் பேசுகிறோம். அந்த வீட்டில் நடந்த இந்த வேலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கவுனில் வையுங்கள், ஆனால் மெஷின் தையல் வேண்டாம். கழுத்து விளிம்பில் உட்புறமாகக் கையால் தளர்ந்த தையல் போடுங்கள். துவைக்கும்போது பிரித்தெடுத்துவிடலாம். வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு. பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள். முறுக்கிப் பிழியாமல் துண்டில் வைத்து ஒற்றி, இன்னொரு துண்டின் மேல் வடிவம் பிசகாமல் விரித்து, துருப்பிடிக்காத குண்டூசி குத்தி நிழலில் காயவையுங்கள். வெட்டி இரண்டு கவுனுக்குப் பங்கு போடும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து கைவிடுங்கள். குச்சி லேஸை வெட்டினால் எல்லா நூலும் அவிழும்.

அம்மாவின் முகூர்த்தப் பட்டுச் சேலையை வெட்டி மகளுக்குப் பாவாடை சட்டை தைக்க ஆசை. வெட்டலாமா?
— வாசகி, கும்பகோணம்

வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மடிப்பு விழுந்த இடங்களில் ஊசித்துளை மாதிரி ஒளி கசிந்தால் பட்டு இற்றுவிட்டது. கட்டைவிரல்கள் இரண்டையும் அருகருகே வைத்து மெல்ல இழுங்கள். கிழிந்தால் அதில் பாவாடை நிற்காது. உடம்புப் பகுதி திடமாக இருந்தால் தாராளமாக வெட்டுங்கள். பெட்டியில் கிடந்து மடிப்போடு மடிப்பாகப் போவதைவிட, பெண் நாலு நாள் போட்டுக்கொண்டு ஓடட்டும். உடம்பு போய் முந்தானை மட்டும் நன்றாக இருந்தால், முந்தானையைத் தனியே எடுத்து மெல்லிய காடாவின் மேல் வைத்துத் தைத்துச் சட்டையின் முன்பக்கத்துக்கு வையுங்கள். அசல் சரிகையாக இருந்தால் தெருவில் வரும் சரிகைக்காரர் சொல்லும் விலைக்கு மயங்காதீர்கள்.

வீட்டிலிருந்து விற்க என்னென்ன பதிவு வேண்டும்? கடன் கிடைக்குமா?
— பலர்

உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு): ஆதார், பான் இருந்தால் இணையத்தில் நீங்களே செய்யலாம், கட்டணம் கிடையாது. காசு கேட்டால் அது அரசின் தளம் இல்லை, மூடிவிடுங்கள். பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. ஆனால் வெளி மாநிலத்துக்கு அனுப்புவதற்கும் பெரிய விற்பனைத் தளங்களில் சேர்வதற்கும் தனி விதிகள் உண்டு. அதற்கு ஒரு ஆடிட்டரை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. கடனுக்கு, தமிழ்நாடு அரசு 2025இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தைப் பற்றி உங்கள் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள்: 35 வயது நிரம்பியவர்களுக்கு, 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். மகளிர் குழுவில் இருப்பவர்கள் "மதி" விற்பனை நிலையங்களில் பொருள் வைக்க முடியுமா என்று குழு மூலமாகவே கேளுங்கள். மெஷினே இல்லாதவர்களுக்கு, சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான இலவசத் தையல் இயந்திரத் திட்டம் சமூகநலத் துறையில் இருக்கிறது. தையல் பழகிய சான்றிதழ் கேட்பார்கள்.

நான் புதிதாகத் தைத்த 1960 பாணி உடையை "விண்டேஜ்" என்று போட்டு விற்கலாமா?
— வாசகி, சேலம்

கூடாது. கைவேலை, பழம்பொருள் விற்கும் இணையச் சந்தையான எட்சி தளத்தில் "விண்டேஜ்" பிரிவில் வைக்க பொருளுக்கு 20 வயதாவது ஆகியிருக்க வேண்டும். புதிதாகத் தைத்ததற்குக் கைவேலைப் பிரிவு இருக்கிறது. வேறெங்கே விற்றாலும் "பழைய பாணியில் புதிதாகத் தைத்தது" என்று எழுதுங்கள். துணி மட்டும் பழையது என்றால் அதையும் எழுதுங்கள். வாங்குபவர் அதைத் துவைக்கும் விதமே மாறும்.

ஒருவர் ஐந்து ஜாக்கெட் ஆர்டர் கொடுத்து, முன்பணம் அனுப்ப ஒரு கட்டக் குறியீட்டை (QR கோடு) அனுப்பி "ஸ்கேன் செய்து உங்கள் ரகசிய எண்ணை (PIN) போடுங்கள்" என்கிறார். சரியா?
— வாசகி, திருச்சி

பணம் வாங்குவதற்கு ரகசிய எண் போட வேண்டிய அவசியமே இல்லை. போட்டால் உங்கள் பணம் போகும். அவருடைய தொலைபேசி எண்ணைத் தடுத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

மாமியாரின் தையல் பெட்டியில் மரக்கட்டையில் சுற்றிய பழைய நூல் நிறைய இருக்கிறது. மெஷினில் போடலாமா?
— வாசகி, விருதுநகர்

ஒரு முழம் இழுத்துச் சுண்டிப் பாருங்கள். "டப்" என்று சத்தத்தோடு அறுந்தால் நல்ல நூல், போடலாம். சத்தமில்லாமல் பஞ்சாகப் பிரிந்தால் மெஷினில் அறுந்துகொண்டே இருக்கும், தூசியும் அடையும். அதைத் தற்காலிக ஓட்டுத் தையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மரக்கட்டைகளை எறியாதீர்கள், எனக்கு அனுப்பிவையுங்கள்.